கைக்குத் தெரியாத முறுக்கு

2023 ஆகஸ்ட் 8, செவ்வாய்க்கிழமை. வழக்கம்போல் காலை ஆறு மணிக்குப் பட்டறையின் ஷட்டரைத் தூக்கினேன். முந்தின நாள் சிந்திய எண்ணெய் மேல் மரத்தூளைத் தூவி, அது ஊறுவதற்குள் வாசலுக்குத் தண்ணீர் தெளித்து, பிறகு தூளைக் கூட்டி அள்ளினேன். சாமி படத்துக்கு ஊதுவத்தி வைத்தேன். அதன் பின் சுவர்ப் பலகையில் மாட்டியிருக்கும் ஸ்பேனர்களை ஒவ்வொன்றாக எடுத்து, மண்ணெண்ணெயில் நனைத்த துணியால் துடைத்து, அதே ஆணியில் திரும்ப மாட்டினேன். ஆறாம் நம்பரில் தொடங்கி முப்பத்திரண்டில் முடியும். மேல் வரிசை ரிங் ஸ்பேனர்கள், கீழ் வரிசை வாய் ஸ்பேனர்கள். பட்டறை தொடங்கிய நாளிலிருந்து இந்த வரிசை மாறியதில்லை. வண்டிக்கு அடியில் படுத்தபடி கையை மட்டும் நீட்டி, பதினாலைக் கேட்டால் பதினாலை எடுத்துக் கொடுக்கலாம், பார்க்க வேண்டியதில்லை.

அன்று அந்தப் பதினாலு கை நழுவிச் சிமெண்டுத் தரையில் விழுந்தது.

என் மனைவியின் தம்பி அப்போதுதான் சைக்கிளை நிறுத்திவிட்டு உள்ளே வந்தான். பட்டறையில் நாங்கள் இரண்டு பேர்தான், அவனும் நானும்.

"இன்னா மாமா, காலங்காத்தால ஸ்பேனரோட சண்டையா?"

"தேஞ்சு போச்சு மச்சான். பிடி நிக்க மாட்டேங்குது."

"அதுவா தேஞ்சுது? எனக்கு நல்லாத்தான நிக்குது."

குனிந்து அதை எடுத்து ஆணியில் மாட்டினேன். வைகாசியிலிருந்து என் வலது கையில் கட்டை விரல், அதற்கடுத்த இரண்டு விரல்கள் மூன்றும் மரத்துப் போயிருந்தன. முதலில் தூங்கி எழும்போது மட்டும் இருந்தது. கையை இரண்டு உதறு உதறினால் சரியாகிவிடும். பிறகு உதறினாலும் போகவில்லை. எதைத் தொட்டாலும் ஒரு துணிக்கு அப்பால் இருப்பது போலிருந்தது. மனைவி மூன்று முறை ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னாள். நான் போகவில்லை. காரணம் சோம்பேறித்தனம் அல்ல. எந்தக் கோளாறையும் வெளியிலிருந்து உள்ளே தேடிக்கொண்டு போவது என் பழக்கம். வண்டி கிளம்பவில்லை என்றால் முதலில் பேட்டரி முனையைப் பார்ப்பேனே தவிர எஞ்சினைப் பிரிக்க மாட்டேன். கையை நம்பி முப்பது வருடம் வேலை செய்தவன், கைக்கு முன்னால் ஸ்பேனரைத்தான் சந்தேகப்படுவான்.

அதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை எல்லா ரிங்குகளையும் வெர்னியர் வைத்து அளந்து பார்த்திருந்தேன். அளவில் குறை இல்லை. அப்படியானால் பிடிதான் வழவழத்துவிட்டது என்று முடிவு செய்தேன். புது செட்டு வாங்கிவிட்டால் சரியாகிவிடும் என்று அன்று காலை உறுதியாக நம்பினேன். இப்போது எழுதும்போது அந்த நம்பிக்கை எவ்வளவு ஒழுங்காக அடுக்கப்பட்டிருந்தது என்பதுதான் எனக்கு வியப்பாக இருக்கிறது.

பத்து மணிக்குத் தேரடி வீதிக்குப் போனேன். ஸ்பேனர் வாங்கப் போகும்போது நான் வெறும் கையோடு போவதில்லை. பன்னிரண்டு, பதினாலு, பதினேழு, பத்தொன்பது என்று நான்கு தலை அளவில் புத்தம்புது போல்ட்டுகளைச் சட்டைப் பையில் போட்டுக்கொள்வேன். பழைய போல்ட்டு உதவாது. அதன் தலை ஏற்கெனவே தேய்ந்திருக்கும், நல்ல ஸ்பேனர் மேலும் பழி விழும்.

கடைக்கார பாய் என்னைப் படியிலேயே பார்த்துவிட்டார்.

"வாங்க மேஸ்திரி. ஜோப்புல கலகலங்குது. பொண்ணு பாக்க வந்துட்டீங்க போல."

"ஜாதகம் பாத்துட்டுத்தான் கட்டுவேன் பாய்."

"போன தபா எட்டு பொண்ண நிக்க வச்சுப் பாத்துட்டு, காப்பியும் குடிச்சிட்டு, ஒண்ணும் வேணாம்னு போனவரு தான நீங்க?"

அவர் மூன்று ரிங் ஸ்பேனர் செட்டுகளைக் கல்லாவுக்குப் பக்கத்தில் விரித்து வைத்தார். முதல் செட்டு கண்ணாடி மாதிரி மின்னியது. பார்க்க வருகிறவர்கள் அதைத்தான் எடுப்பார்கள். எண்ணெய்க் கைக்கு அந்த மினுமினுப்பு ஆகாது. கிரீஸ் பட்ட விரலில் மீன் மாதிரி வழுக்கும். அதோடு மேல்பூச்சு தடிமனாக இருந்தால் இரண்டு வருடத்தில் ரிங்கின் உள்விளிம்பில் உரிய ஆரம்பிக்கும், உரிந்த தகடு பிளேடு மாதிரி விரலை அறுக்கும். இரண்டாவது மட்டமான சரக்கு. நம்பர் இரும்போடு இரும்பாக அடிக்கப்பட்டிருக்கவில்லை, மேலே அச்சிட்டிருந்தது. முன்பக்கம் மட்டும் தேய்த்து, ஓரங்களில் அச்சு வார்த்த கோட்டை அப்படியே விட்டிருந்தார்கள். மூன்றாவது மங்கலான பூச்சு, அகலமான தட்டைப் பிடி, மற்ற இரண்டையும்விட நாலு விரல் நீளம். ரிங்கின் சுவர் மெலிதாக இருந்தது. சுவர் தடித்த ரிங், குழிக்குள் உட்கார்ந்திருக்கும் போல்ட்டுத் தலைக்குள் இறங்காது. மெலிதாக இருந்தும் விரியாமல் நிற்பதுதான் நல்ல இரும்பு.

கண்ணுக்குத் தெரிவது இவ்வளவுதான். மீதி விரலுக்குத்தான் தெரியும். ரிங்கில் புது போல்ட்டை மாட்டி, தலையைக் கட்டை விரலால் அழுத்திக்கொண்டு, பிடியை இரண்டு பக்கமும் லேசாக அசைக்க வேண்டும். ஸ்பேனர் தலையைக் கவ்வுவதற்கு முன் எவ்வளவு வெறுமனே ஆடுகிறது என்பது விரலில் ஒரு சின்னத் தட்டலாக வரும். அந்த ஆட்டம் ஜாஸ்தியாக இருந்தால், இன்றைக்கு இல்லாவிட்டாலும் ஒரு நாள் துரு ஏறிய போல்ட்டின் ஆறு மூலையையும் அது மழித்துவிடும்.

மின்னும் செட்டின் பதினாலை எடுத்து அசைத்தேன். ஆட்டமே இல்லை. பரவாயில்லையே என்று நினைத்தேன். மூன்றாவது செட்டை அசைத்தேன். அதிலும் ஆட்டம் இல்லை. பிறகு, ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக மட்டமான சரக்கை எடுத்தேன். அதிலும் இல்லை, சரி என்று தலையாட்டினேன்.

பாய் அந்த மட்ட சரக்கை என் கையிலிருந்து வாங்கி, அதே போல்ட்டோடு ஆட்டிப் பார்த்தார்.

"இது லொடலொடங்குதே மேஸ்திரி. இதுக்கா தலையாட்டினீங்க?"

"கொடுங்க இப்டி."

இந்த முறை இடது கையில் வாங்கினேன். இடது கட்டை விரலால் அழுத்தி அசைத்தேன். டக், டக் என்று எலும்பு வரைக்கும் வந்தது. வலது கைக்கு மாற்றினேன். ஒன்றும் இல்லை. கண் பார்க்கிறது, பிடி ஆடுகிறது, விரலுக்கு எதுவும் வந்து சேரவில்லை. திரும்ப இடது கை. டக், டக்.

வெளியே ஒரு பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு நின்றது. அது போகும் வரை நான் தலையை நிமிர்த்தவில்லை.

"இந்தத் தெரு சத்தத்துல ஒண்ணும் புரியல பாய்," என்றேன்.

"சத்தத்துக்கும் விரலுக்கும் இன்னா சம்பந்தம்?" என்றவர், நான் மீதியை எல்லாம் இடது கையால் பார்ப்பதைக் கவனித்துவிட்டு, "எப்ப லெஃப்ட்டு ஆனீங்க? சொல்லவே இல்ல," என்று சிரித்தார். நானும் சிரித்தேன்.

மூன்றாவது செட்டை வாங்கிக்கொண்டேன். நல்ல ஸ்பேனர்கள் அவை. இன்றைக்கும் அவற்றின் மேல் எனக்கு ஒரு குறையும் கிடையாது. ஆனால் நான் அதை எடுத்த காரணம் வேறு. பிடி நீளமாக இருந்தால் கம்மியான பலத்தில் அதிக முறுக்குக் கிடைக்கும். கையில் போனதை நீளத்தில் ஈடுகட்டிவிடலாம் என்று கணக்குப் போட்டேன். போனது பலம் அல்ல என்பது கல்லாவுக்கு முன் நின்ற அந்த நிமிடத்திலேயே எனக்குத் தெரிந்திருந்தது. தெரிந்துகொண்டேதான் நீளத்தைத் தேர்ந்தெடுத்தேன்.

மதியத்துக்குள் இரண்டு வேலை முடித்தேன். முதலாவது, பக்கத்தில் அறைகள் வாடகைக்கு விடும் ஒருவருடைய காருக்கு எஞ்சின் ஆயில் மாற்றியது. இரண்டாவது, அடி அண்ணாமலையைச் சேர்ந்த ஒரு டிரைவரின் பன்னிரண்டு சீட்டு வேனுக்கு முன் பிரேக்குகளைப் பிரித்துப் புதுப் பேடு போட்டது. மறுநாள் விடியற்காலையில் ஒரு குடும்பத்தை ஏலகிரிக்கு ஏற்றிக்கொண்டு போக வேண்டும் என்று அவன் அவசரப்படுத்தினான். மைத்துனன் அப்போது ஒரு ஆட்டோவின் கியர் பெட்டியைப் பிரித்துப் போட்டு உட்கார்ந்திருந்தான்.

எங்கள் பட்டறையில் ஒரு முறை உண்டு. பெரிய வேலையில் கடைசி முறுக்குப் போட்டவன், போல்ட்டின் தலையிலிருந்து அது உட்கார்ந்திருக்கும் இரும்பு வரைக்கும் பெயின்ட்டால் ஒரு சின்னக் கோடு இழுக்க வேண்டும். போல்ட்டு தளர்ந்தால் கோடு விலகிக் காட்டிக்கொடுக்கும். என் கோடு வெள்ளை, மைத்துனனின் கோடு மஞ்சள். கோடு போட்ட பிறகு அதில் இன்னொருவன் ஸ்பேனர் வைக்கக் கூடாது. வைத்தால், நீ போட்டதை நான் நம்பவில்லை என்று முகத்துக்கு நேரே சொன்ன மாதிரி. எங்களுக்குள் அப்படி ஒரு நாளும் நடந்ததில்லை.

அன்று மதியம் நான் காரின் அடியில் ஆயிலை வடிக்கும் போல்ட்டிலும் வேனின் நான்கு பிரேக் போல்ட்டுகளிலும் வெள்ளைக் கோடு போட்டேன்.

சாயங்காலம் ஐந்து மணி இருக்கும். கார்க்காரர் இன்னும் வண்டியை எடுக்க வரவில்லை. மைத்துனன் காருக்கு அடியில் குனிந்து பார்த்துக்கொண்டு நின்றான்.

"மாமா."

"இன்னா?"

"ஆயில் சொட்டுது."

"துடைச்ச எண்ணெயா இருக்கும்."

"இல்ல மாமா. போல்ட்டுலேர்ந்து." கொஞ்சம் நிறுத்திவிட்டு, "வெள்ளை போட்டிருக்கீங்க," என்றான். அவன் கையில் ஸ்பேனர் இல்லை. எனக்காகக் காத்திருந்தான்.

"வச்சுப் பாரு," என்றேன்.

அவன் படுத்து உள்ளே போனான். நான் அவனுடைய செருப்புக் கால்களை மட்டும் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"சும்மா சுத்துது மாமா. மரை போயிருக்கு."

வெளியே வந்து போல்ட்டைக் காட்டினான். மரையின் பள்ளங்களில் அலுமினியத் துகள் வெள்ளி நூல் மாதிரி சுற்றியிருந்தது. போல்ட்டு நேராக ஏறவில்லை, கோணலாகக் கடித்துக்கொண்டு ஏறியிருக்கிறது. எந்தப் போல்ட்டையும் முதல் இரண்டு மரைக்கு விரலால்தான் ஏற்ற வேண்டும். கோணலாகப் போனால் விரல் உடனே நிறுத்திவிடும். என் விரல் நிறுத்தவில்லை. அதன் பிறகு நான் வைத்த நீளப் பிடி மீதியைச் செய்து முடித்திருக்கிறது.

"கோணலா ஏறிடுச்சு போல. யாருக்கும் ஆகும் மாமா," என்றான். அவன் முகத்தை நான் பார்க்கவில்லை. வேனைப் பற்றி நினைத்துக்கொண்டிருந்தேன். காரில் எண்ணெய்தான் சொட்டும். வேனில் அந்த நான்கு போல்ட்டுகளும் பிரேக்கைப் பிடித்துக்கொண்டிருப்பவை. அவற்றையும் அதே விரலால்தான் ஏற்றினேன். ஏலகிரி மலை இறக்கத்தில் கொண்டை ஊசி வளைவுகள்.

டிரைவருக்குப் போன் போட்டேன். மணி அடித்தது, எடுக்கவில்லை. மூன்று முறையும் அப்படியே. ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு அடி அண்ணாமலைக்குக் கிளம்பினேன். கிரிவலப் பாதையில் வெறுங்காலோடு சிலர் நடந்துகொண்டிருந்தார்கள். வலது கையால் ஆக்சிலேட்டரைத் திருகும்போது, எவ்வளவு திருகுகிறேன் என்று சத்தத்தை வைத்துத்தான் தெரிந்துகொண்டேன். அதை அன்றுதான் முதன்முதலாகக் கவனித்தேன்.

டிரைவரின் மனைவி வீட்டு முன்னாலேயே மோரும் பாட்டில் தண்ணீரும் விற்கிறாள். வாசலில் வேன் இல்லை.

"வாங்கண்ணா. அவுரு வண்டி கழுவப் போயிருக்காரு."

"போன் எடுக்கல."

"எப்டி எடுப்பாரு? இங்க தான் சார்ஜ்ல கெடக்குது. நீங்க தான் அடிச்சீங்களா? நான் எவனோ லோன் வேணுமான்னு கேக்கறவன்னு விட்டுட்டேன்."

"எங்க கழுவறான்?"

"கழுவிட்டு அப்டியே அந்தக் குடும்பம் தங்கியிருக்கற எடத்துக்குப் போயி சாமான் ஏத்திட்டு வருவேன்னாரு. ஆசிரமம் பக்கம் ஏதோ ஒரு ரூம்பு. பேரு தெரியல."

ஆசிரமம் பக்கம் வாடகைக்கு விடாத வீட்டைத்தான் எண்ணிச் சொல்ல முடியும். தேடிப் போனால் அவன் இந்தப் பக்கம் வந்துவிடுவான். ஒரு மோர் வாங்கிக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்தேன். செய்வதற்கு வேறு ஒன்றும் இல்லை. அந்த நேரத்தில் வேன் ஊருக்குள் எங்கோ ஓடிக்கொண்டிருந்தது, ஒவ்வொரு வேகத்தடைக்கும் அவன் பிரேக்கை மிதித்துக்கொண்டிருப்பான். டம்ளரை இடது கையில் பிடித்திருந்தேன்.

இருட்டுவதற்குச் சற்று முன்னால் வந்தான். வேனைக் கழுவிப் பளபளவென்று வைத்திருந்தான், முன்கண்ணாடிக்குக் கீழே ஒரு முழம் சாமந்தி.

"இன்னாண்ணா, இந்தப் பக்கம்? கிரிவலமா, செருப்போடயா?"

"வண்டியப் பட்டறைக்கு எடு. பிரேக்க ஒரு தபா பாத்துடலாம்."

"மதியம் தான பாத்த?"

"இன்னொரு தபா."

"அடப் போண்ணா. நல்லா நிக்குது. இப்ப கூட தேரடில ஒரு மாடு குறுக்க வந்துச்சு, நின்னுச்சு பாரு, மாடே பயந்துடுச்சு. நீ போட்டா போட்டது தான். நான் ஒன்பது மணிக்குப் படுக்கணும், மூணு மணிக்கு எழுந்திருக்கணும். நாளன்னிக்கு வந்து காட்டறேன், போதுமா?"

"இல்ல. இன்னிக்கே."

"இன்னா விஷயம், சொல்லு. ஏதாவது பார்ட்ஸ மாத்திப் போட்டுட்டியா?"

"இல்ல."

"அப்ப?"

அவன் மனைவி மோர்ப் பானையை மூடிக்கொண்டே எங்களைப் பார்த்தாள். பார்ட்ஸை மாற்றிப் போட்டுவிட்டேன் என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் சிரித்துக்கொண்டே வண்டியை எடுத்திருப்பான். ஏனோ அந்த நேரத்தில் அது எனக்குத் தோன்றவில்லை. வேறு எதுவுமே தோன்றவில்லை.

"என் கைல உணர்ச்சி இல்ல," என்றேன். "முறுக்கு ஏறுதா, கோணலா போவுதா, எனக்குத் தெரியல. இப்ப இன்னொரு வண்டியில பாத்தேன், மரையை ஒடைச்சு வச்சிருக்கேன்."

அவன் சிரிப்பை நிறுத்தினான். என் கையைப் பார்த்தான். கை பார்ப்பதற்கு நன்றாகத்தான் இருந்தது.

"எத்தினி நாளா?"

"மூணு மாசமா."

கொஞ்ச நேரம் அவன் எதையோ கணக்குப் போட்டான்.

"அப்ப போன மாசம் எனக்குக் கிளட்ச்சு போட்டியே?"

நான் வேனின் முன்சக்கரத்தைப் பார்த்தேன்.

"அதுக்கு முன்னால என் தம்பி ஆட்டோக்கு வீல் பேரிங்கு?"

அவன் கோபமாகக் கேட்கவில்லை. ஒவ்வொன்றாக ஞாபகப்படுத்திக்கொண்டு கேட்டான். அந்த மூன்று மாதத்தில் எங்கள் பட்டறையிலிருந்து போன வண்டிகள் என் கண் முன்னால் வரிசையாக ஓடின. எந்தச் சாலையில் எது போய்க்கொண்டிருக்கிறது என்று எனக்கு எப்படித் தெரியும்? எல்லாவற்றையும் திரும்பக் கூப்பிட முடியாது. கூப்பிட்டாலும் வர மாட்டார்கள்.

"ஏறுண்ணா," என்றான். ஸ்கூட்டரை அங்கேயே விட்டுவிட்டு ஏறினேன். வழி முழுவதும் இரண்டாவது கியரிலேயே ஓட்டினான். ஒவ்வொரு முறை பிரேக்கை மிதிக்கும்போதும் நான் என் காலையும் தரையில் ஊன்றினேன். அவன் அதைப் பார்த்தான், ஆனால் கேலி செய்யவில்லை.

பட்டறையில் மைத்துனன் விளக்கைப் போட்டுக்கொண்டு காத்திருந்தான். ஒன்றும் கேட்காமல் ஜாக்கியை எடுத்தான். முன்சக்கரம் இரண்டையும் கழற்றிவிட்டு, கையில் பதினேழாம் நம்பர் ஸ்பேனரோடு என் முகத்தைப் பார்த்தான். சாயங்காலம் ஒரு முறை அனுமதி கொடுத்தாகிவிட்டது. இருந்தாலும் அவனுக்கு இரண்டாவது முறையும் கேட்க வேண்டியிருந்தது.

"எல்லாத்தையும் கழட்டு," என்றேன். டார்ச்சை நான் பிடித்துக்கொண்டேன்.

இடது பக்கம் இரண்டும் ஒழுங்காக வந்தன. வலது பக்கம் மேல் போல்ட்டும் அப்படியே. கீழ்ப் போல்ட்டு மறைவில் இருந்தது. ஸ்பேனர் வைப்பதற்கு முன் அவன் விரலை உள்ளே விட்டு அதன் தலையைச் சுற்றித் தடவினான். பிறகு தன் சட்டைப் பையிலிருந்து ஒரு பஸ் டிக்கெட்டை எடுத்தான். அதைத் தலைக்கு அடியில் சொருகினான். டிக்கெட் உள்ளே போனது.

டிரைவர் குனிந்து பார்த்தான். "இன்னா அது?"

"தலை முழுசா உக்காரல," என்றான் மைத்துனன். "நடுவுலயே கடிச்சிக்கிட்டு நின்னுடுச்சு. முறுக்கும்போது டைட்டாத்தான் இருந்திருக்கும்."

"மலையில கழண்டிருக்குமா?"

மைத்துனன் என்னைப் பார்த்தான். "கழண்டிருக்கலாம்," என்று நான்தான் சொன்னேன். "கழலாமலும் போயிருக்கலாம். சொல்ல முடியாது."

நல்லவேளையாக இரும்பில் மரை கெட்டிருக்கவில்லை, போல்ட்டில்தான் கெட்டிருந்தது. மைத்துனன் உள் மரையைச் சுத்தம் செய்து, புதுப் போல்ட்டை எடுத்து, முதல் மரையிலிருந்து பாதி தூரம் வரை விரலாலேயே ஏற்றினான். அவன் விரல்கள் திரும்புவதை டார்ச் வெளிச்சத்தில் பார்த்துக்கொண்டிருந்தேன். எவ்வளவு பார்த்தும் எனக்கு ஒன்றும் தெரியவில்லை. அது நேராகப் போகிறதா இல்லையா என்பது அவனுக்கு மட்டும் தெரிந்த விஷயமாக இருந்தது.

மற்ற மூன்றையும் திரும்ப ஏற்றி, நான்கு இடத்திலும் மிச்சமிருந்த என் வெள்ளையைப் பெட்ரோல் துணியால் துடைத்துவிட்டு மஞ்சள் கோடு போட்டான். துடைக்கும்போது, "வெள்ளையும் மஞ்சளும் கலந்திருந்தா குழம்பும் மாமா, அதான்," என்றான். ஏன் என்று நான் கேட்கவே இல்லை.

"அந்த கிளிக்கு ஸ்பேனர் ஒண்ணு வாங்கிடலாம் மாமா," என்று பிறகு சொன்னான். "அளவு வச்சா கிளிக்குன்னு சத்தம் குடுக்கும். அப்பால கையே வேணாம்."

அது நல்ல கருவிதான். சக்கர நட்டுக்கும் எஞ்சின் ஹெட்டுக்கும் நான் அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அது முறுக்கின் முடிவைத்தான் சொல்லும், தொடக்கத்தைச் சொல்லாது. கோணலாகக் கடித்த போல்ட்டும் கிளிக் என்று சத்தம் கொடுக்கும். பாதி போல்ட்டுகள் இருக்கும் சந்துகளுக்குள் அது நுழையவும் நுழையாது. இதை அவனுக்கு விளக்கிச் சொன்னேன். "ஆமா மாமா," என்றான். அவனுக்கும் தெரியும். எனக்கு ஏதாவது சொல்ல வேண்டும் என்பதற்காகச் சொல்லியிருக்கிறான்.

டிரைவர் சந்து முனை வரை வண்டியை ஓட்டிப் பிரேக்கைச் சோதித்துவிட்டு வந்தான். இறங்கவில்லை. ஜன்னல் வழியாக, "ஆஸ்பத்திரில காட்டுண்ணா. அசால்டா இருக்காத," என்று எனக்குச் சொன்னான். பிறகு எனக்கு அப்பால் நின்ற மைத்துனனைப் பார்த்து, "மச்சான், இனிமே என் வண்டிய நீயே பாத்துடு," என்றான். எங்கள் பட்டறைக்கு வரத் தொடங்கிய நாளிலிருந்து அவன் மைத்துனனிடம் வண்டியைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசியது கிடையாது, என்னிடம்தான் பேசுவான். மைத்துனன், "சரிண்ணா," என்று சொல்லிவிட்டு ஜாக்கியை இழுத்துக்கொண்டு உள்ளே போனான்.

வீட்டுக்கு ஆட்டோவில் போனேன். சாப்பிடும்போது மனைவியிடம் சொன்னேன். தம்பி போனில் முன்னாலேயே சொல்லியிருக்கிறான் என்று அவள் முகத்திலேயே தெரிந்தது. "நரம்பு டாக்டரு வெள்ளிக்கெழம தான் வராராம். டோக்கன் போட்டுட்டேன்," என்றாள். எப்போது போட்டாள் என்று நான் கேட்கவில்லை. சரியாகுமா என்று அவளும் கேட்கவில்லை. ரசத்தை ஊற்றிவிட்டு என் கையை எடுத்து, மூன்று விரல்களையும் ஒவ்வொன்றாகக் கிள்ளிப் பார்த்தாள். "வலிக்குதா?" என்றாள். மூன்றாவது விரலில் கொஞ்சம் வலித்த மாதிரி இருந்தது. அது கிள்ளியதை நான் கண்ணால் பார்த்ததாலா என்று தெரியவில்லை.

மறுநாள் காலை ஷட்டரைத் தூக்கும் முன்பே ஒரு ஆட்டோ வாசலில் நின்றது. வழக்கமாக வரும் டிரைவர்தான். வண்டியை அங்கேயே ஜாக்கியில் நிறுத்தி, பின்சக்கரத்தைக் கழற்றிக்கொண்டு போய்ப் பஞ்சர் போட்டு வாங்கி வந்திருந்தான், மாட்டிக்கொடுத்தால் போதும். சக்கரத்தை அச்சில் தூக்கி வைத்தேன். நட்டுகளை உள்ளங்கையில் எடுத்தேன். எடுத்துப் பார்த்துவிட்டு, ஒரு துணியை விரித்து அதன் மேல் வைத்தேன்.

"இன்னாண்ணா, வச்சுட்ட?"

"மச்சான் வரட்டும். அவன் போடுவான்."

"நாலு நட்டு தாண்ணா. நீயே போடு. ஸ்கூல் சவாரி இருக்குது, புள்ளைங்க நிக்கும்."

"கொஞ்சம் உக்காரு."

"அவரு எப்ப வருவாரு?"

"வந்துடுவான்."

அவன் செல்போனை எடுத்து ஏதோ ஒரு தாய்க்குப் போன் செய்து, பத்து நிமிடம் தாமதமாகும், பிள்ளையை வாசலிலேயே நிற்க வையுங்கள் என்று சொன்னான். பிறகு என்னைப் பார்த்து, "கோவமா இன்னா, எங்கிட்ட?" என்று கேட்டான். இல்லை என்று தலையாட்டினேன். இரண்டு பேரும் வாசல் பெஞ்சில் உட்கார்ந்து, சைக்கிள் வரும் திசையைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.